குறித்த நாளில் சாவி கைமாறட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் வீட்டு வாடகையைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்கின்றானே என்று சிலர் வியக்கக்கூடும். ஆயினும் மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் இப்பேச்சுக்கு அப்பாற்பட்ட குடும்பம் ஒன்றேனும் உண்டோ? நம் முன்னோருள் பலர் ஒரு பெட்டியும் படுக்கையுமாக இந்நகரில் வந்திறங்கி, வாடகை அறையொன்றில் நால்வராகவும் ஐவராகவும் தங்கி வாழ்வைத் தொடங்கினர். அவர்தம் மக்களுள் சிலர் இன்று சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டே முதுமையைக் கழிக்கின்றனர். வேறு சிலர் இன்றும் பதினொரு திங்களுக்கு ஒருமுறை மூட்டை கட்டுகின்றனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் வீட்டுக்காரராகவும் தம்பி குடித்தனக்காரராகவும் இருத்தல் இங்கே புதுமையன்று. ஆதலின், தவணை முடிந்த பின்னும் வீட்டை ஒழித்துக் கொடாதவர் பற்றிய வழக்கை இரு பக்கமும் நின்று பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இந்நகரத்து வீட்டுக்காரர் தவணை நாளை எண்ணி அஞ்சுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பம்பாய் வாடகைச் சட்டம், 1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் வாடகையை அளவுகோலாக வைத்து, அதற்கு மேல் கேட்கலாகாது என்று விதித்தது. போரினாலும் நாட்டுப் பிரிவினையாலும் மக்கள் வெள்ளம் வந்து சேர்ந்த காலத்தில் ஏழைக் குடிகளைத் தெருவில் நிறுத்தாமல் காத்தது அச்சட்டம். அந்நன்மையை மறுப்பாரில்லை. ஆனால் ஆண்டுகள் சென்றும் வாடகை அசையவில்லை. பழுதுபார்க்கப் போதிய பணமின்றிக் கட்டடங்கள் நலிந்தன. சட்டத்துக்குப் புறம்பாய்ப் பெருந்தொகை வாங்கி வீட்டைக் கைமாற்றும் ‘பகடி’ முறை வேரூன்றியது.

வாடகைக்கு விட அஞ்சியவர்கள் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்னும் உரிம ஒப்பந்தத்தை நாடினர். அதிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1973ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் செல்லத்தக்க உரிமத்தின் பேரில் குடியிருந்தவர் அனைவரும் வாடகைதாரரே எனத் திருத்தச் சட்டம் கூறிவிட்டது. பதினொரு திங்களுக்கென்று கொடுத்த வீடு, பலருக்குத் தம் வாழ்நாளில் திரும்பவே இல்லை. ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியது’ என்னும் பழமொழியை நம் பெரியவர்கள் அடிக்கடி சொன்னதன் காரணம் இதுவே. பழைய சட்டத்தின் வாடகை உறைவு காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இப்பொழுது நடைமுறையில் இருப்பது 2000ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் முதல் செயற்படும் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இதன் மூன்று பிரிவுகளை வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் நெஞ்சில் பதித்துக்கொள்ளல் வேண்டும். 55ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். பதிவும் செய்யப்படல் வேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. எழுத்தும் பதிவும் இல்லையேல், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே நிபந்தனைகளாகக் கொள்ளப்படும். 24ஆம் பிரிவின்படி, குடியிருப்பதற்காக உரிமத்தின் பேரில் பெற்ற வீட்டைத் தவணை முடிந்தவுடன் ஒப்படைத்தல் வேண்டும். தவறினால் உரிமக் கட்டணத்தைப் போல் இருமடங்கு இழப்பீடு செலுத்த நேரும். வீட்டை மீட்க, அரசு அமர்த்திய தகுதியுடைய அதிகாரியிடம் வீட்டுக்காரர் மனுச் செய்யலாம். 43ஆம் பிரிவின்படி அம்மனு சுருக்க முறையில் விசாரிக்கப்படும். அழைப்பாணை பெற்றவர் முப்பது நாளுக்குள் பிரமாணப் பத்திரத்துடன் எதிர்வாத அனுமதி கேட்டல் வேண்டும். கேளாவிடின் வீட்டுக்காரரின் கூற்று ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும்.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்கவும் தகராறுகள் குறையாதிருப்பதேன்? தவணை கடந்து தங்குவோருள் வேண்டுமென்றே ஏமாற்றுவோர் சிலரே. பிள்ளைக்குத் தேர்வு முடியவில்லை, வாங்கிய புது வீட்டைக் கட்டுநர் இன்னும் ஒப்படைக்கவில்லை, மனைவிக்குப் பேறுகாலம். இவற்றினும் மேலான காரணம் ஒன்றுண்டு. அதுவே டிபாசிட்டுத் தொகை. அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டக் குடித்தனக்காரருக்கு இத்தொகை தேவை. சாவி வந்த பின்னரே பணம் என்கிறார் வீட்டுக்காரர். பணம் வந்த பின்னரே சாவி என்கிறார் குடித்தனக்காரர். இருவரும் நேர்மையானவரே, எனினும் இருவரும் அசையாமல் நிற்க, தவணை நாள் கடந்து போகின்றது. இம்முடிச்சை அவிழ்த்தால் பாதித் தகராறுகள் பிறவாமலே போகும்.

அவிழ்க்கும் வழி எளிது. தவணைக்கு இரு திங்கள் முன்னரே வீட்டுக்காரர் எழுத்தில் நினைவூட்டட்டும். குடித்தனக்காரர் தம் திட்டத்தை எழுத்திலேயே தெரிவிக்கட்டும். பத்து நாள் முன்னதாக இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, பழுதுகளையும் கழிக்கவேண்டிய தொகையையும் குறித்துக் கையொப்பமிடட்டும். அன்றே டிபாசிட்டில் ஒரு பகுதியைக் கொடுத்து ரசீது பெற்றால், அடுத்த வீட்டுக்கு முன்பணம் கிடைத்துவிடும். எஞ்சிய தொகை, மின்சார அளவு குறிக்கப்பட்டுச் சாவி கைமாறும் அதே வேளையில், கைமேல் கொடுக்கப்படட்டும்.

உண்மையான இடர் நேர்ந்து சில வாரங்கள் கூடுதலாகத் தேவைப்படின், வாய்ச்சொல்லில் நீட்டிக்க வேண்டாம். புதிய முடிவு நாளைக் குறித்து மற்றோர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதே இருவர்க்கும் காப்பு. ஒன்றும் பேசாமல் வழக்கமான வாடகையை வாங்கிக்கொண்டே இருப்பது, தவணையை நீட்டித்தீர் என்று பின்னர் வாதிட இடம் தரும். நீட்டிப்பு இல்லாத நிலையில் பணம் பெற நேர்ந்தால், அது தவணைக்குப் பிந்திய இழப்பீடு என்றே ரசீதில் எழுதுதல் நன்று.

அன்பர்களே! சினத்தால் செய்யத்தகாத சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரை அடைத்தல், மின்சாரத்தைத் துண்டித்தல், வெளியே சென்றிருக்கும்போது பூட்டை மாற்றுதல், முரடர்களை அனுப்பி மிரட்டுதல் ஆகியவை நியாயமுள்ளவரையும் குற்றவாளியாக்கும் செயல்கள். இன்றியமையா வசதிகளை நிறுத்துதலை 29ஆம் பிரிவு தடுக்கின்றது. சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு திங்களுக்குள் வழக்குத் தொடுத்து இடத்தை மீட்க 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் வழி செய்கின்றது. முறையாகச் சென்றால் இருமடங்கு பெறத்தக்கவர், முறைகெட்டுச் சென்று காவல் நிலையத்தில் நிற்பது அறிவுடைமையோ?

தாராவியின் கோலிகளிலும் மாடி அறைகளிலும் பெரும்பாலும் வாய்ச்சொல்லே ஒப்பந்தம். ஊர்க்காரர், உறவினர் என்னும் நம்பிக்கையில் எழுத்து எதற்கு என்கின்றனர். எழுத்தினால் நட்பு கெடுவதில்லை, தாய்மார்களே! எழுத்தின்மையால் கெட்ட உறவுகளே பல. கொடுத்த தொகை, பெற்ற தொகை, முடிவு நாள் மூன்றும் எழுத்தில் இருப்பின், அங்கே எளியவருக்கே அது பெருந்துணையாகும். டிபாசிட்டை இழப்பவர் பெரும்பாலும் அவரே.

குடித்தனக்காரராயுள்ள அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற எழுத்தராயிருக்கலாம். கணவனை இழந்த மூதாட்டியாயிருக்கலாம். நீங்கள் தங்கும் ஒவ்வொரு கூடுதல் நாளும், அவ்வீட்டுக்கு வருவதாக முன்பணம் கொடுத்துவிட்டுத் தெருவில் சாமான்களுடன் காத்திருக்கும் வேறொரு குடும்பத்தின் நாளுமாகும். நடுவண் அரசு 2021ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கு வழங்கிய மாதிரிச் சட்டம், தவணை கடந்த முதல் இரு திங்களுக்கு இருமடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை விதிக்கின்றது. காலத்தின் போக்கு எத்திசையில் என்பதை இது காட்டும்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டுக்காரர் ஏமாற்றமடைந்தால் அவர் வீட்டைப் பூட்டி வைக்கின்றார். அல்லது இனி இன்ன மொழியினருக்கு, இன்ன குடும்பத்தாருக்கு விடேன் என்கின்றார். அதனால் துன்புறுவது ஊரிலிருந்து நாளை வண்டியேறி வரப்போகும் நம் பிள்ளைகளே.

ஆகவே, வீட்டைக் கொடுப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். பெறுபவர் எழுதியபடி நடக்கட்டும். இடர் வந்தால் முன்னரே வாய் திறந்து சொல்லட்டும். இருவருக்கும் இடையே பேச்சு முறிந்தால், சங்கத்துப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கட்டும். அதுவும் பயன் தராவிடில் சட்டம் காட்டும் வாயிலை நாடட்டும்.