வேடம் பொய், அம்பு மெய்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் இலண்டன் பழைய மாணவிகள் ஐவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



"இலண்டனிலே ஐம்பது தாண்டின பொம்பிளையள் சிலபேர் வேசம் கட்டி, வில்லும் அம்புமாத் திரியினமாம்" என்ற கதை உங்களில் பலருடைய காதுக்கு எட்டியிருக்கும். அந்தச் சிலபேர் நாங்கள்தான். வேட உடுப்புகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். வில்லுகளை வீட்டிலேயே விட்டுவிட்டோம். விமான நிலையத்தில் விளக்கம் சொல்லி முடியாது!

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் வில்வித்தை ஒரு விளையாட்டு. அதற்குள்ளே ஒரு கிளை உண்டு. மந்திரக் கதைகளில் வரும் காட்டுவாசிகள், இளவரசிகள், வேடர்கள்போல உடுத்து, பழைய பாணி மரவில்லால் அம்பு எய்வது. இலக்கு வட்டப் பலகையாக இருக்காது. காட்டுக்குள்ளே மெத்துப்பொருளில் செய்த பன்றியாக, கரடியாக, சில இடங்களில் பறவைநாகமாகக்கூட இருக்கும். கோடைகாலத்தில் ஊர்த் திடல்களில் நடக்கும் விழாக்களில் இதையே காட்சியாகவும் செய்கிறோம்.

எங்களை இதற்குள் இழுத்தவர்கள் எங்கள் மகள்மார். 2012இல் 'த ஹங்கர் கேம்ஸ்', 'பிரேவ்' என்று இரண்டு திரைப்படங்கள் வெளிவந்தன. இரண்டிலும் வில்லேந்திய பெண்பிள்ளையே கதாநாயகி. பிள்ளைகள் வில் கேட்டார்கள், வகுப்புக்குக் கூட்டிச்சென்றோம். அவர்கள் ஒரு வருடத்தில் விட்டுவிட்டார்கள். வாசலில் காத்திருந்த தாய்மார் நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

ஆனால் உண்மையைச் சொன்னால், வில்லை முதலில் எங்கள் கையில் தந்தது இந்தக் கல்லூரிதான். பெண்கள் பாடசாலை நாடகத்தில் இராமனும் பெண், இராவணனும் பெண், அருச்சுனனும் பெண். பூவரசந்தடியை வளைத்துக் கட்டிய வில், ஈர்க்கு அம்பு, மட்டையில் தங்கத்தாள் ஒட்டிய முடி. ஆண்பிள்ளைகள் இல்லாததால் வீரம் முழுவதும் எங்கள் பங்குக்கே வந்தது. அது எவ்வளவு பெரிய கொடை என்பது பிறகுதான் விளங்கியது.

சரி, உண்மையான வில் எப்படி? திரைப்படத்தில் வீரன் நாணை இழுத்துப் பிடித்தபடி அரைப்பக்க வசனம் பேசுவான். எங்கள் வில்லுகளின் இழுவிசை 20 முதல் 30 இறாத்தல்தான். அதைக்கூட இழுத்து வைத்திருந்தால் சில விநாடிகளில் தோள் நடுங்கத் தொடங்கும். சண்டைக் காட்சிகள் பலவற்றில் பறக்கும் அம்புகள் பின்னர் கணினியில் சேர்க்கப்படுபவை. இங்கிலாந்தின் 'மேரி றோஸ்' என்ற போர்க்கப்பல் 1545இல் மூழ்கி, 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்டது. அதில் கிடைத்த முழு நெடுவில்லுகள் 130க்கும் அதிகம். அவற்றுட் பல 100 இறாத்தலுக்கும் மேற்பட்ட விசையுடையவை என்று கணித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வில்லாளியின் தோளை நினைத்தால் எங்களுக்கு மரியாதை கூடுகிறது.

இன்னொன்று. ஆங்கிலப் படங்களில் வில்லாளிகளைப் பார்த்துத் தளபதி "சுடு" என்று கத்துவான். சுடுவதற்கு வில்லில் நெருப்பு ஏது? எங்கள் தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது: வில்லுக்கு நாண் ஏற்று, அம்பைத் தொடு, இழு, எய். பயிற்சியில் நாங்கள் ஐவரும் இந்தச் சொற்களையே சொல்லிக்கொள்கிறோம். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரரும் இப்போது "எய்" என்கிறார்கள்!

சிறுவயதில் படித்த ஏகலைவன் கதையும் இப்போதுதான் கைக்கு விளங்கியது. ஐரோப்பிய முறையில் நாணை மூன்று விரல்களால் இழுப்பார்கள், பெருவிரலுக்கு வேலையில்லை. மொங்கோலியர், துருக்கியர் போன்ற ஆசிய வில்லாளிகள் பெருவிரலாலே நாணைக் கொளுவி இழுப்பார்கள். விரல் நோகாமல் அதற்கொரு மோதிரமும் அணிவார்கள். அந்த முறையை ஒரு கிழமை பழகிப் பார்த்தோம். பெருவிரல் போனால் அங்கே எல்லாம் போயிற்று. குருதட்சணையாகத் துரோணர் எதைக் கேட்டார் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

காட்சி நிகழ்ச்சிகளில் எங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறோம். பாஞ்சாலியின் சுயம்வரம். சைக்கிள் சில்லு ஒன்றில் மெத்துப்பொருள் மீனைக் கட்டிச் சுழலவிட்டு, எங்களில் ஒருத்தி அருச்சுனனாக அதை எய்வாள். மற்றவள் பின்கதை சொல்வாள். கதையிலேபோல நிழலைப் பார்த்து எய்வதில்லை. நேரே பார்த்தே நாலைந்து அம்பு தவறும். சனம் சிரிக்கும், பிறகு மீன் விழுந்ததும் கைதட்டும். வடமோடிக் கூத்தில் வில்லும் அம்புமாக வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கைதட்டு புதிதல்ல.

இனி, சொல்லத்தான் வேண்டிய ஒன்று. எங்களில் ஒருத்தியின் தாயார் முதல்நாள் வில்லைக் கண்டதும் சொன்னார்: "எவ்வளவு ஆயுதத்தைப் பாத்திட்டு வந்தனாங்கள் பிள்ளை. உனக்கு விளையாட இதுதானோ கிடைச்சது?" எங்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. வில்லும் கொல்வதற்காகச் செய்யப்பட்டதுதான். பதுங்குகுழியிலிருந்து பரீட்சைக்குப் படித்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை இலேசாகத் தள்ள முடியாது.

சில மாதம் கழித்து நாங்கள் கண்ட பதில் இதுதான். எய்யும் இடத்தில் ஒரு கோடு உண்டு. எல்லாரும் அந்தக் கோட்டில் நின்றே எய்ய வேண்டும். எல்லா வில்லும் கீழே இறங்கிய பிறகுதான் ஒருவர் கோட்டைத் தாண்டி அம்பு பொறுக்கலாம். ஆபத்து என்று கண்டால் யாரும் "ஃபாஸ்ட்" என்று கத்தலாம். இது வேகம் என்ற பொருளில் அல்ல, 'அசையாதே' என்ற பழைய பொருளில். ஆறு வயதுப் பிள்ளை கத்தினாலும் தொடுத்த அம்பை எடுத்துவிட்டு அத்தனைபேரும் நிற்க வேண்டும். ஏன் என்று அப்போது கேட்கக்கூடாது. ஒரு குழந்தை 'நிறுத்து' என்றால் எல்லா ஆயுதமும் இறங்குகிற இடம். நாங்கள் வளர்ந்த காலத்தில் அப்படி ஓரிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

போலிப்போர் ஆட்டங்களும் இருக்கின்றன. அவற்றில் அம்பின் முனையில் பெரிய மெத்தை உருண்டை பொருத்தியிருக்கும். வில்லின் விசைக்கும் எல்லை உண்டு. ஆனாலும் எங்களில் ஒருத்தி இன்றுவரை மனிதரை நோக்கி அம்பைத் தொடுத்ததில்லை. அவள் கோடையில் கதை சொல்வாள், மீனை எய்வாள், அதோடு சரி. நாங்கள் அவளை வற்புறுத்துவதுமில்லை.

"இந்த வயதிலா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான வில்வித்தையில் தங்கப்பதக்கம் வென்ற குயீனி நியூவெல் அம்மையாருக்கு அப்போது வயது 53. 60 யார், 50 யார் தூரங்களிலிருந்து 144 அம்புகள் எய்தார். அவரிடம் தோற்று இரண்டாமிடம் பெற்ற லொட்டி டொட், விம்பிள்டன் டென்னிஸில் ஐந்து முறை வென்றவர். ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் தங்கம் வென்ற பெண்களுள் வயதில் மூத்தவர் இன்றும் குயீனி நியூவெல்தான். ஆகவே சகோதரிகளே, முழங்கால் நோவைக் காரணம் காட்டாதீர்கள்!

விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் வில் வாங்க வேண்டாம்; வகுப்புக்குப் போய் அங்குள்ள வில்லில் பழகுங்கள். குறைந்த விசையில் தொடங்குங்கள். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. விசை போக இடமின்றி வில்லே வெடிக்கும். உடுப்பின் தொங்கும் கையை இறுகக் கட்டுங்கள். நாண் அதில்தான் முதலில் சிக்கும். சேலைத் தலைப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வேடம் பொய்தான், கழற்றி மடித்து வைத்துவிடலாம். அம்பு மெய். அது எங்கே போய் முடியும் என்பதற்கு எய்தவளே பொறுப்பு. கூச்சப்படாமல் மேடையேறவும், ஏறியபின் பொறுப்போடு நிற்கவும் எங்களுக்குப் பழக்கிய ஆசிரியைகளுக்கு இந்த நூற்றாண்டு நாளில் எமது நன்றி உரியதாகுக. எமது கல்லூரி இன்னும் பல நூற்றாண்டு வாழ்க.