ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு வலிக்கும்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. ஆனா 28 வருஷம் ஆபரேஷன் வார்டுல நர்ஸா இருந்தவ நான். எனக்குத் தெரிஞ்சதைத்தானே பேச முடியும்?

நம்ம குழுக்களில் கர்ப்பப்பை எடுத்தவங்க, சிசேரியன் ஆனவங்க நிறைய பேர். ஸ்டான்லிக்கோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்கோ போகிறோம். காப்பீட்டு அட்டை செல்லுமா, எத்தனை நாள் படுக்கணும் என்று கேட்கிறோம். எவ்வளவு வலிக்கும், அதுக்கு என்ன கொடுப்பீங்க என்று மட்டும் கேட்பதில்லை.

வார்டில் இரண்டு விதமானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தர், மயக்க மருந்து கொடுத்தாச்சு, இனி வலியே இருக்காது என்று நம்பி வருவார். முதுகு ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விலகியதும், ஏதோ தப்பு நடந்துபோச்சு என்று பயப்படுவார். பயந்தால் அதே வலி இன்னும் பெரிசாத் தெரியும். இன்னொருத்தர், பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இவரை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். வலிக்குப் பயந்து இருமமாட்டார், மூச்சை ஆழமாக இழுக்கமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். நெஞ்சில் சளி தங்கிக் காய்ச்சல் வரலாம், காலில் ரத்தம் உறையலாம். அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியுமா இருக்கிற நம்ம வள்ளூரில் இருமல் இல்லாத வீடு எது?

வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் முதல் இரண்டு மூன்று நாள் வலி அதிகம். அப்புறம் படிப்படியாகக் குறையணும். மருந்து கொடுத்தாலும் முழுசாப் போகாது. புரள, நடக்க, இரும முடிகிற அளவுக்குக் குறைந்தால் போதும். இருமும்போது தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடியுங்க. வலி உச்சிக்குப் போகும்வரை காத்திருக்காம, ஏற ஆரம்பிக்கும்போதே நர்ஸைக் கூப்பிடுங்க. 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்டால், "பரவாயில்லம்மா"ன்னு சொல்லாம ஒரு எண்ணைச் சொல்லுங்க. கிட்னி கோளாறு, அல்சர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிடணும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களா வலி மாத்திரை வாங்காதீங்க.

லேப்ராஸ்கோப்பி செய்தவங்களுக்குத் தோள்பட்டை வலிக்கும். வயிற்றுக்குள் செலுத்திய வாயு படுத்தும் பாடு அது. சில நாளில் போயிடும். வருஷக்கணக்கா இருக்கிற இடுப்பு வலிக்கெல்லாம் முதுகுல போட்ட ஊசிதான் காரணம் என்பது நம்ம பக்கத்துப் பழைய பேச்சு. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

குறைந்த வலி திரும்ப ஏறினால், காய்ச்சலோ சீழோ வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இதைப் பொறுத்துக்கவே கூடாது.

கர்ப்பப்பை எடுத்தால் சுமார் ஆறு வாரம் குடமோ, சிலிண்டரோ, மீன் கூடையோ தூக்கக்கூடாது. தவணை கட்டணுமே என்று பத்தாம் நாளே வேலைக்குப் போய், தையல் பிரிந்து திரும்பி வந்த பெண்ணுக்கு நான் கட்டுப்போட்டிருக்கிறேன். அந்த ஆறு வாரமும் குழுவின் உள்கடன் தவணையைத் தள்ளிவைப்பது, முறைபோட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என்று ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதலாம். அடுத்த கூட்டத்திலேயே இதை எடுக்கும்படி உங்க பிரதிநிதியிடம் சொல்லுங்க.