களிமண் இதயம்



இதயத்தின் படத்தை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே கீறுவோம். சோணையறை, இதயவறை எல்லாம் குறித்துப் புள்ளியும் வாங்கினோம். ஒருமுறை விஞ்ஞான ஆசிரியை அதையே களிமண்ணில் செய்யச் சொன்னார். ஒவ்வொரு மேசையாக வந்து, "இடது இதயவறைச் சுவர் ஏன் தடிப்பு?" என்று கேட்டார். படத்தில் அப்படி இருந்தது என்றவர்களும் இருந்தோம். உடல் முழுவதுக்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டுமே என்றவர்களும் இருந்தோம். களிமண்ணில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன.

எங்களில் சிலர் மருத்துவம் படித்தபோது எழுத்துத் தாள் மட்டும் போதவில்லை. ஸ்கொட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் 1975இல் வெளியிட்ட முறைப்படி, மேசைக்கு மேசை சென்று செய்துகாட்ட வேண்டியிருந்தது. நன்றாக வியர்த்தோம்!

இன்று வரும் செயற்றிட்டங்களில் பல பெற்றோரின் கைவேலை. (ரெஜிபோம் விலையைத் தாய்மாரிடம் கேளுங்கள்.) வகுப்பிலேயே செய்யட்டும்; அழகுக்குப் புள்ளி வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம், ஏன், எப்படி என்று கேளுங்கள். 40 பிள்ளைகளுக்கு 80 நிமிடம், இரண்டு பாடவேளை. தவணைக்கு ஒருமுறை அதை ஒதுக்கித் தருமாறு அதிபரைக் கேட்கிறோம். களிமண் எங்கள் சங்கத்தின் பொறுப்பு.