பாரிமுனையின் சிவப்புக் கட்டடம்



சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையில் நடந்தால், பொதுத் தபால் நிலையத்துக்கு அருகில், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சிவப்புக் கட்டடம் நீண்டு நிற்கும். அதுதான் பாரத ஸ்டேட் வங்கியின் பழைய கட்டடம். லாரி இரைச்சலுக்கு நடுவே விரைந்து போகிறவர்கள் பலர் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இந்தக் கட்டடம் ஸ்டேட் வங்கிக்காகக் கட்டப்பட்டதல்ல. 1843ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்கிய ‘பேங்க் ஆஃப் மெட்ராஸ்’ கட்டியது. ஆரம்பத்தில் அந்த வங்கி தன் பெயரிலேயே ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1861இல் வந்த சட்டம் அந்த உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் கொழித்த 1864இல், வங்கி கொழும்பிலும் கிளை திறந்தது.

வியாபாரம் பெருகியது, அதற்கேற்ற மாளிகை வேண்டியிருந்தது. கர்னல் ஸ்வின்டன் ஜேக்கப் வரைந்த திட்டத்தைக் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் திருத்தி அமைத்தார். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தைக் கட்டிய நம்பெருமாள் செட்டியார் ஒப்பந்தம் எடுத்தார். சுமார் 3 லட்சம் ரூபாய்ச் செலவில் 1897இல் வேலை முடிந்தது.

இந்தோ-சாரசெனிக் என்று சொல்லப்படும் பாணி இது. முகப்பில் வரிசையாக வளைவுகள், மேலே கும்மட்டங்கள். வெளியே நின்று பார்த்தால் அரண்மனை மாதிரித் தெரியும். ஆனால் அழகுக்காக மட்டும் இப்படிக் கட்டவில்லை. வளைவுகளுக்குப் பின்னால் ஓடும் தாழ்வாரம் வெயிலை அங்கேயே தடுத்துவிடும். கூடத்தின் கூரை மிக உயரம். சூடான காற்று மேலே போய்விடும், கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்குப் புழுக்கம் குறையும். வண்ணக் கண்ணாடிகள் வழியாக வரும் வெளிச்சம் கண்ணைக் கூசவைப்பதில்லை. மின்விசிறியை நம்பாமல் நம் ஊர் வெயிலுக்கென்றே யோசித்துக் கட்டிய புத்தி அது.

பணம் போட வருகிறவனுக்கு இந்த உயரமும் கனமும் ஒரு தைரியத்தைக் கொடுத்திருக்கும். ஆனால் கட்டடத்தின் கம்பீரம் மட்டும் பணத்துக்குக் காவல் ஆகாது. 1906 அக்டோபரில் சென்னையின் பெரிய வங்கி நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி திடீரென்று கவிழ்ந்தது. வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் ஏராளம். அந்த அடியிலிருந்துதான், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால், 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதன் தலைமை அலுவலகமும் பின்னாளில் இதே ராஜாஜி சாலைக்கு வந்தது.

பேங்க் ஆஃப் மெட்ராஸ் அந்தப் புயலில் சாயவில்லை. 1921இல் வங்காள, பம்பாய் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆனது. 1955இல், அதுவும் ஜூலை 1ஆம் தேதியன்றே, ஸ்டேட் வங்கி ஆனது. பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே வந்தது.

2014 ஜூலையில் இங்கே தீப்பிடித்து மேல்தளம் பெரும் சேதமடைந்தது. அந்தச் செய்தி கேட்டு மனம் பதறியவர்களில் நானும் ஒருவன். பழைய மரக்கூரைக்கு அடியில் புதிது புதிதாக மின்கம்பிகளை இழுத்துக்கொண்டே போனால் ஆபத்து எப்போதும் கூடவே இருக்கும். பழுதுபார்க்கும்போதும் கவனம் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவரில் விரிசல் விட்டால் சிமென்ட்டைப் பூசி மூடக்கூடாது. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், செங்கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுக்கவேண்டியது இத்தகைய கட்டடங்களை வைத்திருக்கிற ஒவ்வொரு நிறுவனத்தின் கடமை.

நேயர்களே, அடுத்த முறை பாரிமுனைப் பக்கம் போனால் எதிர்ச்சாரியில் ஐந்து நிமிடம் நின்று அந்த வளைவுகளைப் பாருங்கள். கூடவே உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.