வேலை போனால் கூரையும் போகும்: மாஞ்சோலை சொல்வது

(தாமிரபரணிப் படுகொலை நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாக வந்தவர்கள் இரண்டு கோரிக்கைகளோடு வந்தார்கள். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியை உயர்த்து. கூலி கேட்டுப் போராடிச் சிறைக்குப் போனவர்களை விடுதலை செய். பதிலாகத் தடியடி கிடைத்தது. கூட்டம் ஆற்றுக்குள் விரட்டப்பட்டது. 17 உயிர்கள் போயின. அதில் ஒன்று, நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை.

ஒவ்வோர் ஆண்டும் ஆற்றில் பூப்போடுகிறோம். அந்த 17 பேர் யாருடைய கூலிக்காக வந்தார்களோ அந்தத் தொழிலாளர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதை அன்றைக்காவது பேச வேண்டும். 2024ஆம் ஆண்டைப் பாருங்கள். படுகொலையின் 25ஆம் நினைவு நாள் ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்கள் வீட்டைக் காலி செய்யக் கம்பெனி வைத்த கெடு ஆகஸ்ட் 7. இடையில் பதினைந்தே நாள்.

அன்று கூலி கேட்டார்கள். இன்று கேட்பதற்குக் கூலியும் இல்லை, இருப்பதற்கு வீடும் இல்லை. இதைச் செய்தது குண்டர் படையல்ல. முத்திரைத் தாளும் சட்டமும் தீர்ப்பும்தான். ஆகவே இன்று அந்தக் காகிதங்களை வரிசையாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் காகிதம் 1929 பிப்ரவரி மாதத்தது. சிங்கம்பட்டி ஜமீன், 8,373 ஏக்கர் மலைக்காட்டை பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. கெடு 2028. காட்டை வெட்டித் தேயிலை நட, சமவெளியிலிருந்து கூலிகள் மலையேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் தலித்துகள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன. குத்தகைப் பத்திரத்தில் ஜமீன் பெயர் உண்டு, கம்பெனி பெயர் உண்டு. கூலியின் பெயர் இல்லை.

இரண்டாவது காகிதம் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம். சிங்கம்பட்டி ஜமீன் 1952இல் அரசின் கைக்கு வந்தது. சமவெளியில் உழுத குடியானவர்கள் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பட்டா கேட்க முடிந்தது. மலையில் ஜமீன் இருந்த இடத்தில் அரசு உட்கார்ந்தது, கம்பெனியின் குத்தகை தொடர்ந்தது. தேயிலை பறித்தவளுக்கு ஒரு சென்ட் நிலமும் வரவில்லை.

மூன்றாவது காகிதம் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். இது தொழிலாளிக்காகவே வந்த சட்டம், அதை மறுக்கவில்லை. தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்றது அதன் 15ஆம் பிரிவு. லைன் வீடு இப்படித்தான் சட்டபூர்வமானது. ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. அப்பா ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் குடும்பத்துக்குக் கூரை. படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிற பிள்ளையின் காலை அந்த வீடே கட்டிப்போடும்.

இது நமக்குப் புதிதல்ல. ஊழியத்துக்கு ஈடாக நிலம் கொடுத்து, அந்த நிலத்தைக் காட்டியே தலைமுறை தலைமுறையாக ஊழியம் வாங்குவதற்கு மராட்டியத்தில் வதன் என்று பெயர். மகர் வதன் ஓர் அடிமை முறை, அதை மாற்ற வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்த ஆண்டு 1928. அதற்கு மறு ஆண்டுதான் இங்கே மாஞ்சோலைக் குத்தகை கையெழுத்தானது. ஊழியத்தோடு கட்டப்பட்ட நிலத்தை அங்கே அவிழ்க்கப் பார்த்தார்கள், வேலையோடு கட்டப்பட்ட வீட்டை இங்கே கட்டத் தொடங்கினார்கள்.

நான்காவது காகிதம் காடு சம்பந்தப்பட்டது. களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமானது. 2018இல் குத்தகை நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2028 வரை காத்திருக்காமல் வெளியேறக் கம்பெனி முடிவெடுத்தது. 2024 கோடையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுத் தாள் நீட்டப்பட்டது. மூன்று, நான்கு தலைமுறையாக வேறு ஊரே தெரியாதவரிடம் கையெழுத்து வாங்குவதற்கு "விருப்பம்" என்று பெயர்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். மறுவாழ்வு தராமல் வெளியேற்றக் கூடாது என்று 2024 ஜூனில் இடைக்காலத் தடை கிடைத்தது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய தோட்டங்கள்தான் டான்டீ. ஆகவே கேட்டதில் தவறில்லை. அது நட்டத்தில் ஓடுகிறது என்றது அரசு. 2024 டிசம்பரில் மனுக்கள் தள்ளுபடியாயின. அரசு சொன்ன மறுவாழ்வுத் திட்டங்களைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். வழக்கு அதன்பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது.

வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், பழங்குடியல்லாதவர் உரிமை கேட்க வேண்டுமானால் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 வருகிறது. குத்தகை 1929. முதலில் ஏறிய சில குடும்பங்கள் மயிரிழையில் தேறும். ஐந்தாண்டு கழித்து ஏறியவர்கள் தேறமாட்டார்கள். கம்பெனி வருகைப்பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர்கள், தாத்தா எந்த ஆண்டு வந்தார் என்பதற்கு எங்கே போய் ஆதாரம் தேடுவார்கள்?

இந்தக் கம்பெனிக்கு இன்னொரு பழைய கதை உண்டு. 1885இல் பர்மாவில் தேக்கு மரக் கணக்கைக் குறைத்துக் காட்டியதாக அந்த நாட்டு மன்றம் இதற்குப் பெரும் அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். தீபோ மன்னர் முடியிழந்தார். கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது ஒரு நாடே போயிற்று. கம்பெனி வேலை பார்த்த காடு பறிபோனபோது போனது ஐந்நூறு குடும்பங்களின் அடுப்பு. இரண்டிலும் கம்பெனி பிழைத்துக்கொண்டது.

இங்கே ஒரு கேள்வி வரும். "அப்படியானால் காடு வேண்டாமா? இந்த ஆறே அந்த மலையில்தானே பிறக்கிறது?" காடு வேண்டும். தேயிலையை எடுத்துவிட்டுச் சோலைக்காட்டைத் திரும்பக் கொண்டுவருவதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் காட்டை அழித்து லாபம் பார்த்தது யார், மீட்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. தேயிலையை அகற்ற, நாற்று நட, தீத்தடுப்புக் கோடு போட, காவல் காக்க ஆள் வேண்டும். அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்தவர்களை இறக்கிவிட்டு அந்த வேலையை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

சரி, இறங்குகிறார்கள். எங்கே? ரெட்டியார்பட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற இடங்களைக் காட்டுகிறது அரசு. வேண்டாம் என்பவர் வாடகைக்கு வீடு தேட வேண்டும். நம்ம ஊரில் வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி என்ன? "எத்தனை பேரு இருப்பீங்க" என்பது இரண்டாவது. "நீங்க எந்த ஆளுக?" என்பதுதான் முதலாவது. அதற்குப் பதில் சொன்ன பிறகு, "வீடு நேத்தே பேசியாச்சே" என்பார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? அரசமைப்பின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பேசும், முன்பணத்தைப் பேசும். சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பேசாது. 2005இல் குஜராத்தைச் சேர்ந்த ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்ற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. சிறுபான்மையினர் ஒன்றாக வாழ நினைப்பது வேறு, ஆதிக்கச் சாதி வேலி போடுவது வேறு. ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்த வாசல் இருவருக்கும் ஒரே அகலம்.

நல்ல தீர்ப்புகளும் உண்டு. வாழ்வாதாரம் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. தலித்துகளுக்கு வீடு கட்ட நிலம் எடுக்கக் கூடாது என்று உத்தரப்பிரதேச நில உடைமையாளர்கள் தொடுத்த சமேலி சிங் வழக்கில், உறைவிடம் அடிப்படை உரிமை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் ஓல்கா டெல்லிஸ் வழக்கிலேயே, முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் இருக்கிறது. உரிமை உண்டு, ஆனால் வெளியே போ. மாஞ்சோலையில் நாம் கேட்டதும் இதேதான்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஒதுக்கீட்டு ஆணை போதாது. வீட்டுக்கும் நிலத்துக்கும் பட்டா வேண்டும், அது அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் வேண்டும். ஊருக்கு வெளியே இன்னொரு காலனி கூடாது. காடு மீட்கும் வேலையில் மாஞ்சோலைக்காரர்களுக்கே முதல் உரிமை வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீத இடத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்று விதி போட முடிகிறது, விட்டால்தான் அனுமதி. அதே அனுமதித் தாளில் இன்னொரு வரி சேர்க்கட்டும்: சாதி, மதம் பார்த்து விற்கவோ வாடகைக்கு விடவோ மறுத்தால் அனுமதி ரத்து. மாநகராட்சியிலும் சட்டமன்றத்திலும் இதைக் கேட்போம்.

இளம் தோழர்களுக்கு ஒரு வேலை. மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களைத் தேடிப் போங்கள். யார் எந்த ஆண்டு மலையேறினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, ரேசன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். 1929 முதல் எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயர் இல்லை. அடுத்த வழக்கு நீலகிரியிலோ வால்பாறையிலோ வரும்போது, தொழிலாளியின் கையிலும் ஒரு காகிதம் இருக்கட்டும்.