எல்லாக் கைகளுக்கும் காந்தம்



நாம் தொடக்கப் பள்ளியில் பயின்ற நாளில், ஆசிரியர் லாடக் காந்தம் ஒன்றை முன்வரிசைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். கடைசி வரிசையில் அமர்த்தப்பட்ட நமக்கு அது வந்து சேரவில்லை. "காந்தம் இரும்பைக் கவரும்" என்றெழுதி மதிப்பெண் பெற்றோம். அந்த ஈர்ப்பைக் கை அறியவில்லை.

ஆகவே, நம் வகுப்பில் காந்தம் கடைசி வரிசையிலிருந்தே புறப்படும். பழுதான ஒலிபெருக்கியின் காந்தமே போதும். இரும்பாணி, பித்தளைச் சாவி, செம்புக் கம்பி, அலுமினியக் கரண்டி ஆகியவற்றைப் பரப்பி, எவை ஒட்டும் என்று முதலில் கேட்போம். உலோகம் எல்லாம் ஒட்டும் என்பர் பிள்ளைகள். ஆணி மட்டும் ஒட்டக் கண்டு, தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்வர்.

பின்னர், தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் நாற்பது முறை தேய்க்கச் செய்வோம். காந்தத்தை அப்பால் வைத்துவிட்டு, மண்சட்டி நீரில் இலைத் துண்டின்மேல் ஊசியை மிதக்கவிட்டால், அது வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை மும்முறை திருப்பிவிட்டு, "சார், மறுபடியும் அங்கேயே போகுது!" என்று வியந்தாள். பூமியே ஒரு பெருங்காந்தம் என வில்லியம் கில்பர்ட் 1600-இல் எழுதியதை அப்போதுதான் கூற வேண்டும். முன்னரே கூறினால் அது வெறும் மனப்பாடம்.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே, விலையுயர்ந்த கருவிகள் இல்லையே எனத் தயங்காதீர்கள். இருக்கும் கருவி ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் சென்றதா என்று பாருங்கள். காந்தம் ஆள் பார்த்துக் கவர்வதில்லை; ஆள் பார்த்துக் கொடுத்தவர்கள் மனிதர்களே.