தாலியும் தஸ்தாவேஜும்



விவாகம் என்னும் விஷயத்தை மேடையேற்றப் புறப்பட்ட இளைஞர்கள், அதற்கான சாட்சியங்களைத் தேடித் தலைநகரத்து ஆவணக் காப்பகங்களுக்குப் போவதற்கு முன்பாகவே, மலேசியாவின் ஆயர் தாவாரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி மூப்பெய்தியவர்களிடம் வந்து கைகட்டி அமர்ந்தது மிகவும் உசிதமான காரியம் என்பது என் அபிப்பிராயம். கற்பனைக் கதையொன்றைப் புனைவது அவர்கள் நோக்கமன்று. வாழ்ந்தவர்கள் சொன்னதை அவர்கள் சொல்லிலேயே, பத்திரங்களின் அருகில் நிறுத்திக் காட்டும் ஆவண நாடகத்தை அமைப்பதே அவர்கள் பிரயத்தனம்.

இம்முறைக்கு முன்னோடிகள் உண்டு. வ. கீதா எழுதி அ. மங்கை இயக்கிய 'காலக்கனவு', பழைய எழுத்துகளையும் பேச்சுகளையும் கொண்டே தமிழ்ப் பெண்களின் சரித்திரத்தை மேடைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் மார்க் தேயின் 'பாலிங்', 1955ஆம் ஆண்டு பாலிங்கில் அரசியல் தலைவர்கள் நடத்திய பேச்சுவார்த்தையின் எழுத்துப் பிரதியை ஆதாரமாகக் கொண்டது. ஆனால் தலைவர்கள் பேசினால் எழுதிக்கொள்ள ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் நடந்த கல்யாணத்தை எழுதிவைத்தவர் யார்?

இருக்கும் காகிதங்களைப் பாருங்கள். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. பெண் அரிதான அத்தகைய தேசத்தில், பிறன் மனைவியை மயக்கி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, முறையிடும் உரிமையைக் கணவனுக்கே அளித்தது. அப்பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் தள்ளியது 2023 டிசம்பரில்தான். கணவன் முறையிட, காவலர் தேட, நீதிபதி தீர்ப்புரைக்க அமைந்த அந்தச் சட்டத்தில், சென்றவள் ஏன் சென்றாள் என்ற கேள்விக்கு இடமே இருந்ததில்லை. ஆனால் அதே பெண்ணுக்குத் தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் தன் பெயரும் தன் கூலியும் இருந்தன. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நின்று, கணவனைப்போலவே தன் பெயர் கூப்பிடக் கேட்டவளின் தாம்பத்தியத்தை, ஊர் மிராசுதார் வீட்டுத் தாம்பத்தியத்தின் அளவுகோலால் அளப்பது பிசகு.

இனி, 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்துக்கு வருகிறேன். 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்த அச்சட்டம், முஸ்லிமல்லாதாருக்கு ஒருதார மணத்தை விதித்தது; அதற்கு முன் வழக்கப்படி நடந்த மணங்களைப் பதிவானவையாகவே ஏற்றது; பின் நடப்பவற்றுக்குப் பதிவைக் கேட்டது. பலதார மணத்தால் நலிந்த பெண்களுக்கு அது பெரிய ரட்சை. ஆனால் சட்டம் அமலான சேதி லயத்துக்கு எட்டிய வேகம் வேறு.

சில ஆண்டுகள் கழித்துத் தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் தாலி கட்டிக்கொண்ட ஓர் அம்மையார், கணவர் மறைந்தபின் அவருடைய சேமநிதிப் பணத்துக்காக அலைந்த கதையை இந்த இளைஞர்கள் எடுத்த ஒலிப்பதிவில் கேட்டேன். பத்திரம் எங்கே என்று கேட்டதற்கு, பழைய மைலோ டின்னைத் திறந்து, பிள்ளைகளின் பிறப்புச் சீட்டுகளுக்கு அடியிலிருந்து, ஈரம் பாய்ந்து ஓரம் பழுத்த கல்யாணப் படத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். "ஊரே சாட்சியா நின்னுச்சு ஐயா, அந்த ஊரை எந்த ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன்?" என்கிறார். தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் அந்த ஊரும் இல்லை. பதிவில்லாத இத்தகைய மணங்களைப்பற்றி நீதிமன்றங்களே இருவேறு விதமாகத் தீர்ப்புரைத்திருக்கின்றன.

இன்றைய தம்பதிகளோ முதலில் தேசியப் பதிவிலாகாவில் கையெழுத்திட்டுவிட்டு, மாதங்கள் கழித்தே மண்டபத்தில் தாலி கட்டுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் சட்டத்துக்கு அந்தப் பெண் மனைவி. தாயாருக்கு இன்னும் கன்னிப்பெண். எந்த நாள் முதல் ஒரு பெண் மனைவியாகிறாள்? இந்நாடகம் இந்தக் கேள்வியைச் சுற்றியே எழும்ப வேண்டும் என்று கருதுகிறேன். அந்தக் காலம் உத்தமம், இந்தக் காலம் கெட்டது என்ற பிரலாபத்தையும், சட்டம் வந்தது, துயரம் தீர்ந்தது என்ற உற்சாகத்தையும் சமமாக விலக்குங்கள். பெரட்டையும் லயத்தையும் செந்தமிழாக்காதீர்கள். இருவர் சொன்னதை ஒருவர் வாயில் வைக்காதீர்கள். பத்திரத்தை வாசிக்கும் நடிகர், அதில் யாருடைய சொல் இல்லை என்பதையும் சபையோருக்குச் சொல்லட்டும்.

முதல் அமர்வில் ஒலிப்பதிவுகள் கேட்கப்படும். பேசியவர்களில் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இந்த வாக்கியம் வேண்டாம் என்று அவர்களில் ஒருவர் கையுயர்த்தினால், காரணம் கேளாமல் அதைப் பிரதியிலிருந்து நீக்கிவிடுமாறு நாடகக் குழுவினரைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.